மூத்தவன் சொன்னால்

நாற்பத்திரண்டு வருஷமாக வீட்டில் எந்தத் தர்க்கத்தையும் தாணுலிங்கம் ஒரே வாக்கில் முடித்துவிடுவார்: "மூத்தவன் சொன்னா கேக்கணுமாக்கும்." மனைவி உமையம்மாளின் சர்ட்டிபிகேட் எதையும் அவர் வாங்கிப் பார்த்ததில்லை.

அன்று அவளுடைய ஆதார் பி.டி.எஃப்பின் பாஸ்வேர்டை நீக்க, இருவரும் அமரவிளை கம்ப்யூட்டர் சென்டருக்குப் போயிருந்தார்கள். பாஸ்வேர்டில் பிறந்த வருஷமும் வரும் என்று சொல்லி, கடைக்காரி ஸ்ரீகலா அதைக் கேட்டாள்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது. என்னைவிட மூணு வயசு எளயவ," என்றார். ஃபைல் திறக்கவில்லை.

உமையம்மாள் மின்விசிறியைப் பார்த்தபடி, "அம்பத்தஞ்சு போட்டுப் பாரு மக்கா," என்றாள்.

திறந்துவிட்டது. தாணுலிங்கம் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். தன்னைவிட இரண்டு வயது மூத்தவளையா இத்தனை காலமும் அதட்டிக்கொண்டிருந்தார்?

"பாஸ்வேர்டை எடுத்தாச்சு மாமா. இனி யாரு வேணும்னாலும் தொறந்து பாக்கலாம்," என்றாள் ஸ்ரீகலா.

உமையம்மாள் எழுந்தாள். "கேட்டியளா? இனி மூத்தவ சொன்னா கேக்கணுமாக்கும்."