காக்கா பறித்த தாடி

கூரை வேயும் தர்ஸ்டனுக்குக் குரல் பெரிது. லத்தீன்தான் சுத்தமாக வராது. ஆனாலும் குருத்தோலை ஞாயிறன்று கோயில் முகப்பு மண்டபத்தின் மேலேறி, தீர்க்கதரிசி வேடத்தில் பாட அந்த வருஷம் அவனைத்தான் பிடித்தார்கள். வழக்கமாகப் பாடும் செருப்புத் தைப்பவர், ஏணியைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது என்று கழன்றுகொண்டுவிட்டார்.

தவக்காலம் முழுவதும் மனைவி எம்மட் அவனை விடவில்லை. பாதிரியாரிடம் பாட்டைக் கேட்டுக் கேட்டு அவள் மனப்பாடம் செய்திருந்தாள். அவன் கூரைமேல் வைக்கோலை அடுக்க, கீழே நின்று ஒவ்வோர் அடியாகச் சொல்லிக்கொடுத்தாள்.

"இதுக்கு என்னடி அர்த்தம்?"

"அர்த்தம் தெரிஞ்சு நீ என்னய்யா பண்ணப்போற? வாயத் தொறந்து பாடு."

அந்த நாளும் வந்தது. ஊர்வலம் வாசலில் நின்றது. வெள்ளாட்டு மயிரில் செய்த தாடியோடு, பாட்டு முடிந்ததும் கூட்டத்துக்கு வீச வேண்டிய அப்பக் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தர்ஸ்டன் பாடினான். முதல் இரண்டு அடிகளில் ஊரே சொக்கிப்போனது. கோபுரத்தில் கூடு கட்டிக்கொண்டிருந்த காக்காவும் அப்போதுதான் தாடியைப் பார்த்தது. வந்து ஒரு கொத்துப் பிடுங்கியது. தர்ஸ்டனுக்கு மூன்றாவது அடி மறந்துபோனது. ராகம் மட்டும் மறக்கவில்லை.

"விடு சனியனேஏஏ... அது கோயில் தாடிஈஈ..."

அவன் முடிக்கும் சொல்லை வாங்கிப் பாடுவதுதான் கீழே நின்ற பாடகர்களுக்குப் பழக்கம். நால்வரும் யோசிக்காமல் நாலு குரலில் எடுத்தார்கள்: "கோயில் தாடிஈஈ..."

"டேய் தர்ஸ்டா, அப்பத்தப் போடுடா! சீக்கிரம் முடி!" என்று பாதிரியார் கில்பர்ட் கத்தினார்.

தர்ஸ்டன் கூடையோடு தூக்கிக் காக்காமேல் எறிந்தான். காக்கா தப்பித்தது. பாதிரியார் தப்பவில்லை. அப்பம் பொறுக்கப் பாய்ந்த கூட்டத்துக்கு அடியிலிருந்து அவரைக் காலைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டியிருந்தது.

நாலு நாள் தலைகாட்டாமல் இருந்த தர்ஸ்டன், புனித வெள்ளிக்கு முன்பு பாவசங்கீர்த்தனத்துக்குப் பாதிரியாரிடம் போனான்.

"சாமி, காக்காவத் திட்டுனது பாவமா?"

"அதுகூடப் பரவாயில்லடா. சுதி தப்பாமத் திட்டுன பாரு, பூசையில அந்த 'தாடி' இன்னமும் என் வாயில வருது."

அடுத்த வருஷம் ஊரார் அவனையே கேட்டார்கள். பதினேழு வருஷம் பாடினான். அந்த முதல் வருஷத்துக்குப் பிறகு ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் கூட்டம் வந்து, காக்கா எப்போது வரும் என்று அண்ணாந்து பார்த்து நிற்கும். திரும்பிப் போகும்போது முணுமுணுக்கும்:

"இந்த வருஷமும் ஒழுங்காப் பாடித் தொலைச்சுட்டான்யா."