டீத்தூள் டின்னில் மாம்பழ வாசம்

பிள்ளைகளே, அப்பா ஏன் வேப்பை, அந்த மின்சிகரெட்டை, விட்டேன் என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் "சும்மாதான்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். நான் படித்தது ஆறாம் வகுப்பு வரைதான். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

முன்பு நான் சிகரெட் குடித்தது உங்களில் பெரியவர்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு நாளும் வீட்டுக்குள் குடித்ததில்லை. சாரல் அடித்தாலும் வெளியே குழாயடியில் நின்றுதான் குடிப்பேன்.

தேயிலைத் தோட்டத்து லோரி ஓட்டும் என் கூட்டாளிதான் மாம்பழ வாசம் அடிக்கும் வேப்பைக் காட்டினார். சிகரெட்டில் புகையிலை எரிந்து தார் நெஞ்சில் படிகிறது, இதில் எரிவதே கிடையாது என்றார்.

"வெறும் ஆவிலா, மச்சான். இட்லிச் சட்டியில வருதுல்ல, அந்த மாதிரி."

உங்கள் அம்மா விடவில்லை. "இட்லி வேகறப்ப மாம்பழ வாசமா வருது?" என்றாள்.

கூட்டாளி சொன்னதில் உண்மையும் இருந்தது. இரண்டு மாதத்தில் என் காலை இருமல் குறைந்தது. அதில் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. ஆவிதானே என்று டிவி முன்னால், சின்னவளை மடியில் வைத்துக்கொண்டே இழுத்தேன். சிகரெட்டில் செய்யாத தப்பை இதில் செய்தேன்.

மழை மாதத்தில் சின்னவளுக்கு நெஞ்சில் கர்ர் என்று சத்தம் வந்தது. மலைக் குளிர் என்று தைலம் தேய்த்தோம். ஒரு காலை, அம்மா கொழுந்தெடுக்கப் போன பிறகு, நான் தேநீர் கலக்கினேன். டீத்தூள் டின்னை யாரோ ராத்திரி மூடாமல் விட்டிருந்தார்கள். வாயில் வைத்தால் மாம்பழ வாசம்.

பேக்டரியில் நான் தூள் கட்டும் அறையில் பதின்மூன்று வருஷமாக இருக்கிறேன். அங்கே வெங்காயம், தைலம், வாசனை எண்ணெய் எதுவும் ஆகாது. பக்கத்தில் இருக்கும் வாசத்தையெல்லாம் தூள் இழுத்துக்கொள்ளும். சந்தேகம் வந்தால் தட்டில் தூளைப் பரப்பி வைத்து, மறுநாள் எங்களை மேய்க்கும் மண்டோர் முகர்ந்து பார்ப்பார். இத்தனையும் தெரிந்த எனக்கு வீட்டில் புத்தி வரவில்லை. தூளுக்குள் போனது பிள்ளை நெஞ்சுக்குள் போகாதா? தேநீரைக் கொட்டிவிட்டுக் கூட்டாளியைக் கூப்பிட்டேன்.

கூட்டாளியின் காரில்தான் கிளினிக்குக் கொண்டுபோனோம். திரிங்காப் ஊரிலிருந்து வரும் காய்கறி லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே போனோம். அவர் சாலையை மட்டுமே பார்த்து ஓட்டினார். டாக்டரம்மாவிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். சின்னவள் முதுகில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"நெஞ்சு நல்லா இருக்குங்க. சளிதான்."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. சிகரெட்டா வேப்பா, எது தேவலை என்று கேட்டேன்.

"சிகரெட்டை விட இதுல கெடுதல் குறைவா இருக்கலாம். கெடுதலே இல்லன்னு யாராலயும் சொல்ல முடியாது. பிள்ளைங்க இருக்கற வீட்டுல ரெண்டுமே வேணாம்."

நானும் ஒரேயடியாக விடுவதற்கு வழி சொன்னார். திரும்பும்போது கூட்டாளிக்குப் பேச்சு வந்துவிட்டது. "அப்ப நான் சொன்னது சரிதானே?" என்றார். பாதி சரி என்றேன். சின்னவள் பின்சீட்டில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

விடுவதற்குப் பட்ட பாட்டை அம்மாவிடம் கேளுங்கள். திரைச்சீலைகளைக்கூடத் துவைத்துப் போட்டோம். விட்டு ஒரு மாதம் ஆனதும், யாருக்கும் சொல்லாமல் ஒரு தட்டில் புதுத் தூளைப் பரப்பி டிவி மேடையில் வைத்தேன். காலையில் நீங்கள் எழுவதற்கு முன்னால் குனிந்து முகர்ந்து பார்த்தேன். தேயிலை வாசம்தான். இன்னொரு தடவையும் முகர்ந்தேன். பிறகு அடுப்பில் தண்ணீர் வைத்து, அந்தத் தூளையே போட்டுக் குடித்தேன்.