இறந்தவனுக்காக ஓடிய ஓட்டம்

யாழ்ப்பாணத்தில் நான் பல ஆண்டுகள் உயர்தர வகுப்புக்குக் கிரேக்க நாகரிகம் படிப்பித்தேன். சமயம் ஒரு பாடம், நாடகம் இன்னொன்று, விளையாட்டு கடைசி. வீரன் ஒருவன் இறந்தால் அவன் நினைவாக ஓட்டப்போட்டி வைப்பார்கள் என்பதும் என் குறிப்பில் இருந்தது. பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதினார்கள். நான் சரி போட்டேன்.

எண்பதுகளில் அகதியாகக் கனடாவின் மொன்றியலுக்கு வந்து, பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு சின்ன வீட்டில் நாலு பேராக இருந்தோம். தெருவெல்லாம் கிரேக்கர்கள். பாண் விற்றார்கள், பூங்காவில் வாங்குப் பலகையில் அமர்ந்து மணிமாலை உருட்டினார்கள். இவர்களா அவர்கள் என்று எனக்குள் ஓர் இளக்காரம்.

எங்களில் ஒருவன் திருகோணமலைக்காரன். ஓர் இலையுதிர் காலத்தில் அவனுடைய தம்பி ஊரில் சுடப்பட்டு இறந்த செய்தி வந்தது. உடல் கிடைக்கவில்லை. தம்பி பள்ளிக்கூட ஓட்டக்காரன். அந்த ஞாயிறு காலை அண்ணன் என்னிடம் வந்தான்.

"மாஸ்டர், பெடியளெல்லாம் பூங்காவிலை அவனுக்காக ஒருக்கா ஓடப் போறம். பெரியாக்கள் ஒருத்தராவது நிக்கவேணும். நீங்கள் முடிவுக் கயிற்றைப் பிடியுங்கோ."

"உனக்கென்ன விசரே? செத்தவீட்டுத் துடக்கோடை விளையாட்டோ? ஊர் சிரிக்கும்."

"இஞ்சை எந்த ஊர் மாஸ்டர் சிரிக்கிறது? கொள்ளி வைக்கவும் வழியில்லை. அவனுக்குத் தெரிஞ்சது ஓட்டம்தான்."

"நான் வரமாட்டன்."

"விடு மச்சான்," என்றான் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவன். "கயிறு பிடிச்சால் மாஸ்டரின்ரை வேட்டி ஊத்தையாப் போடும்."

அவர்கள் போனார்கள். வீட்டில் இருப்புக் கொள்ளாமல் நானும் பின்னால் போய், பூங்கா வேலிக்கு வெளியே நின்றேன்.

தம்பியின் படத்தை வாங்கில் சாய்த்துக் கற்பூரம் கொளுத்தினார்கள். காற்று அணைக்க அணைக்க மறுபடி கொளுத்தினார்கள். கயிற்றின் ஒரு முனையை மரத்தில் கட்டினார்கள். மறுமுனைக்கு ஆள் இல்லை. கிரேக்க உணவகத்தில் கோப்பை கழுவும் எங்கள் பெடியன் ஒருவன் அங்கிருந்த கிரேக்கக் கிழவரிடம் ஏதோ சொன்னான். அவர் எழுந்து தொப்பியைக் கழற்றி, சிலுவைக் குறி இட்டுக்கொண்டு, நான் பிடித்திருக்க வேண்டிய கயிற்றைப் பிடித்தார்.

குளிர்ச்சட்டையும் வேலைச் சப்பாத்துமாக ஓடினார்கள். அண்ணன் கடைசியாக வந்து கயிற்றடியில் விழுந்து, "எடேய் தம்பி, எழும்பி ஓடடா" என்று கத்தினான். முன்னால் வந்தவர்கள் மூச்சு வாங்க அவனைச் சுற்றி நின்றார்கள். அவன் ஒரு வரி சொல்லி அழ, "ஓடடா, ஓடடா" என்று எல்லாரும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள்.

எனக்கு மேனி சிலிர்த்தது. ஒருவனின் குரலுக்கு ஒரு கூட்டம் பதில் சொன்னபோது நாடகம் பிறந்தது என்று எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன்! அது பிறப்பதை அன்றுதான் பார்த்தேன். தீயும் ஓட்டமும் அழுகையும் அங்கே தனித்தனிப் பாடங்களாக இல்லை. தெய்வம் அந்தப் புல்வெளிக்கு வந்து நின்றது போல இருந்தது. கிழவர் கயிற்றை விடாமல் அழுதார்.

உள்ளே போயிருக்கலாம். மறுத்துவிட்டுப் போக வெட்கமாக இருந்தது.

அன்று பின்னேரம் சோற்றுக் கோப்பையோடு அண்ணன் கேட்டான்: "மாஸ்டர், தூரத்திலை நிண்டாவது பார்த்தனீங்களோ?"

"இல்லை," என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டான். அடுத்த கோடையில் நகரின் இன்னொரு பக்கமான லாசாலுக்கு வீடு மாறிப் போனான். ஓம், பார்த்தனான் என்று மட்டும் சொல்லியிருந்தால், தன் தம்பியின் செத்தவீட்டில் பெரியவன் ஒருவன் நின்றான் என்ற ஆறுதல் அவனுக்கு இருந்திருக்கும். அதை நான் கொடுக்கவில்லை.