பயமில்லை என்று எழுதினேன்

எண்பதுகளின் தொடக்கத்தில் டில்லியில் ஓர் அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் சீட்டு எழுதும் வேலையில் இருந்தேன். கரோல் பாக்கிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். அங்கே ஒரு டாக்டர், பல் பிடுங்க வரும் குழந்தைகளுக்கு எவ்வளவு பயம் என்று அளந்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஓர் அட்டையில் ஐந்து முகங்கள். முதல் முகம் சிரிக்கும், ஐந்தாவது அழும். "இப்போ உன் மனசு எந்த முகம் மாதிரி இருக்கு?" என்று கேட்டு, குழந்தை தொடும் முகத்தின் எண்ணைக் குறிக்க வேண்டும். பெரிய எண் வந்தால் அன்று சிகிச்சை கிடையாது. நாற்காலியில் சும்மா உட்காரவைத்துப் பழக்கி, மறுநாள் வரச் சொல்வார்கள். தமிழ்க் குழந்தை வந்தால் கேட்பது என் பொறுப்பு.

ஒரு ஜூன் மாதக் காலையில், மேம்பால வேலையில் கல் சுமக்கும் ஒரு பெண் தன் ஏழு வயது மகளை அழைத்து வந்தாள். விழுப்புரம் பக்கத்துக்காரர்கள். கடைவாயில் சொத்தைப் பல், கன்னம் லேசாக வீங்கியிருந்தது. வரிசை வாசல் வரைக்கும் நின்றது. உள்ளேயிருந்து டாக்டர் "ஜல்தி, ஜல்தி" என்றார். அவசரத்தில் அட்டையை நீட்டி, "இதுல எது உனக்குப் பிடிச்சிருக்கு, காட்டு" என்று கேட்டுவிட்டேன். அவள் சிரிக்கும் முகத்தைத் தொட்டாள். ஒன்று என்று குறித்தேன். தப்பாகக் கேட்டது அப்போதே தெரிந்தது. திரும்பக் கேட்கவில்லை.

நேரே நாற்காலிக்குக் கொண்டு போனார்கள். ஊசியைக் கண்டதும் அலறினாள். இரண்டு பேர் அமுக்கிப் பிடித்தார்கள். ஒருவர் கையைக் கடித்துவிட்டு வராந்தாவுக்கு ஓடி வந்தாள். எல்லார் முன்னாலும் அம்மா அவளை முதுகில் அடித்தாள். பிறகு என்னிடம் வந்து, "நாளைக்கு இட்டாரட்டுமாம்மா?" என்றாள்.

"அழாம இருப்பான்னா கூட்டிட்டு வாங்க" என்றேன்.

மறுநாள் வரவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். குழந்தைக்குத் தாடையும் கழுத்தும் கல்லாக வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. உடனே வார்டில் சேர்த்துத் தொண்டையில் குழாய் போட்டார்கள். மூன்றாம் நாள் இறந்துவிட்டது.

வார்டு வாசலில் அந்த அம்மா என்னைப் பார்த்தாள். திட்டட்டும் என்று நின்றேன்.

"வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லலம்மா. கேக்கறப்பல்லாம் இல்ல இல்லன்னு தலைய ஆட்டிச்சு. சொன்னா மறுபடி இங்க இட்டாந்துடுவேன்னு பயம் அதுக்கு" என்றாள்.

நான் கேட்ட கேள்வியைப் பற்றி அவளிடமும் சொல்லவில்லை, டாக்டரிடமும் சொல்லவில்லை. ஆராய்ச்சி முடிந்து தாள்களைக் கட்டி எடுத்துப் போனார்கள். அந்தக் குழந்தையின் பெயருக்கு எதிரே நான் போட்ட எண்ணும் அப்படியே போயிற்று.

இப்போது என் பேத்தி "ஒண்ணுமில்ல பாட்டி" என்று சொன்னால்கூட, பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு தடவை கேட்காமல் என்னால் எழுந்திருக்க முடிவதில்லை. அன்றைக்கு ஒரு குழந்தையிடம் கேட்காமல் விட்டதை இது எந்த விதத்திலும் ஈடு செய்யாது என்பதும் எனக்குத் தெரியும்.