நூறாவது நாள்

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை. விபத்தில்லாமல் கழிந்த நாட்களின் எண்ணிக்கையைத் தினமும் காலையில் அதில் மாற்றி எழுதுவார்கள். எழுபதுகளின் பிற்பகுதி; கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புத் தொழிற்சாலையில் நான் சூப்பர்வைசர். நூறு நாள் நிறைந்தால் எங்கள் பிரிவில் ஆளுக்கொரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். எனக்கு அது கிடையாது. மேனேஜர் என்னை மேடைக்கு அழைத்துக் கைகுலுக்குவார். அதற்கு நான் எவ்வளவு ஏங்கினேன் என்பது எனக்கே தெரியாது. ஆட்களின் நலனுக்காக உழைப்பதாகத்தான் நம்பியிருந்தேன்.

தொண்ணூற்றாறாம் நாள் காலையில் பிரஸ் மெஷினில் ஒருவரின் வலது கை சிக்கியது. பழவேற்காட்டு மீனவர். ஏரியில் மீன்பாடு குறைந்ததால் வேலைக்கு வந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

"இன்னும் நாலு நாளுதான்பா இருந்துச்சு. டப்பா போச்சே" என்றான் ஒருவன்.

"மன்ஷன் கை நசுங்கிக்கீது, உனுக்கு டப்பா கேக்குதா?" என்று இன்னொருவன் சீறினான்.

அடிபட்டவரை ஸ்டோர் ரூமுக்குள் அழைத்துப்போனேன். டிபன் பாக்ஸைச் சொல்லி, விபத்தை மறைக்க அவரை மசியவைக்க முடியாது. அவருக்கு என்ன வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஒருமுறை சிரித்தபடியே சொல்லியிருந்தார்: "உங்க வயசுல எனுக்குத் தம்பி கீறான் சார். நீங்க 'யோவ்'னு கூப்புட்டா பேஜாரா கீது." அன்று நானும் சிரித்துவிட்டு, மறுநாளும் 'யோவ்' என்றுதான் கூப்பிட்டேன்.

இப்போது அவர் தோளில் கைவைத்தேன். "அண்ணே, வீட்ல கதவுல நசுங்கிச்சுன்னு சொல்லிடுங்க. நாலு நாள் கழிச்சு ஆஸ்பத்திரிக்குப் போகலாம், அண்ணே."

கையில் சுற்றியிருந்த துணியில் ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது. அவர் என் முகத்தையே பார்த்தார். "இன்னா சார், இப்டிக் கூப்ட்டீங்க" என்றார். கண் கலங்கியிருந்தது. "நீங்க சொன்னா சரி சார்."

சொன்னபடியே நாலு நாள் பொறுத்தார். அதற்குள் சீழ் வைத்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் எடுக்க வேண்டியதாயிற்று. வீட்டில் பட்ட அடி என்பதால் நஷ்டஈடு இல்லை. வேலையும் போயிற்று. விழாவன்று அவர் வரவில்லை என்று டிபன் பாக்ஸ்கூடக் கொடுக்கவில்லை. மேனேஜர் என் கையைக் குலுக்கினார். கூசாமல் நீட்டினேன், சந்தோஷமாகவும் இருந்தது.

மறு வருடம் ஒரு வேலையாகப் பழவேற்காடு போனேன். கரையில் நாலைந்து பேர் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்துவந்து, இடது கையால் என் கையைப் பற்றிக்கொண்டார்.

"எங்க சூப்பர்வைசரு. படிச்சவரு. என்னை அண்ணேன்னுதான் கூப்புடுவாரு" என்றார் அவர்களிடம்.

"நெசமாவா?" என்று ஒருவன் கேட்டான். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார்.

அந்தச் சொல்லை எந்த வேலைக்குப் பயன்படுத்தினேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று கையை விடுவித்துக்கொண்டேன்.

கொஞ்ச தூரம் நடந்ததும் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.