மூன்று ஈரக் கையுறைகள்

போன ஞாயிறு யூனியன்வில்லில் ஒரு பிறந்தநாள் விழா. நான் வடையோடு ஒரு மூலையில் வசதியாக உட்கார்ந்திருந்தேன். வாழ்த்துரைக்கு வந்த ஒருவர், "கனடாவின்ர சுயாதீன இசையை எங்கட சனத்துக்கு முதன்முதல் காட்டினது நான்தான்" என்று தொடங்கினார். வடை தொண்டையில் நின்றுவிட்டது. ஜெயந்தன் அண்ணை! தலை நரைத்திருந்தது. பொய் நரைக்கவில்லை.

இன்னுமா கோபம் என்று கேட்பீர்கள். ஓம், இன்னும்தான்.

கனடா வந்த புதிதில் ஆங்கிலம் பழகத்தான் பொது வானொலியைப் போடுவேன். செய்தியில் பாதி விளங்காது. ஆனால் பிற்பகலில் ஒரு பெண் அறிவிப்பாளர் பாட்டுப் போடுவார். பெரிய கம்பனி எதுவும் பின்னால் இல்லாதவர்கள், வீட்டு பேஸ்மென்றில் தாங்களே பதிந்த பாட்டுகள். நடுவில் கதிரை கிரீச்சிடும், நாய் குரைக்கும். இப்படியும் பாடலாமா என்று வாயைப் பிளந்துகொண்டு எத்தனையோ முறை வெங்காயத்தைக் கருக விட்டிருக்கிறேன்.

பிறகு ஸ்காபரோவில் செயற்கைப் பல் செய்யும் இடமொன்றில் வேலை கிடைத்தது. செய்த பற்களை ஒஷாவா, ஸ்ரௌவ்வில் பக்கத்துப் பல் வைத்தியர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். கார் முழுக்கப் பல் அச்சுச் சாந்தின் மணம். முதலாளி ஹொக்கி வர்ணனை கேட்பதற்காக அதில் செய்மதி வானொலி பூட்டியிருந்தார். நான் பொத்தான்களை அமுக்கித் தேடியதில், அதே மாதிரிப் பாட்டுகளை நாள் முழுக்கப் போடும் அலைவரிசையொன்று அகப்பட்டது. பின்சீற்றில் யார் யாருடையவோ பற்கள் கிலுகிலுக்க, ஹலிஃபாக்ஸ்காரரும் வினிபெக்காரரும் எனக்காகவே பாடினார்கள்.

ஜெயந்தன் அண்ணையும் அங்கேதான் சாரதி. சனிக்கிழமைகளில் ஒரு தமிழ் வானொலியில், நேயர்கள் தொலைபேசியில் வந்து பேசும் நேரடி நிகழ்ச்சியும் செய்துவந்தார். தேநீர் இடைவேளையில், "இண்டைக்கு என்ன புதுசாக் கேட்டனீர்?" என்பார். நான் ஆசையாகச் சொல்லுவேன். ஒருநாள், எனக்கும் பத்து நிமிடம் தரச்சொல்லிக் கேட்டேன்.

"உம்மட கட்டைக் குரலுக்கு றேடியோ சரிவராது, பிள்ளை."

சரி என்று விட்டுவிட்டேன். அடுத்த சனிக்கிழமை காரில் அவருடைய நிகழ்ச்சி போய்க்கொண்டிருந்தது. "இந்தப் பாடகியின்ர குரல், ஈரக் கையுறையைக் கழட்டேக்க வாற நிம்மதி மாதிரி" என்றார். அது தேநீர் நேரத்தில் நான் சொன்ன வசனம். ஒரு சொல்கூட மாற்றவில்லை. "இது நானே தேடிக் கண்டுபிடிச்சது" என்று வேறு. காரை ஓரங்கட்டிவிட்டு அழுதேன். அழுது முடிந்ததும் மனம் தெளிவாக இருந்தது.

வெள்ளிக்கிழமை தேநீரோடு அவருக்கு ஒரு புதுக் குழுவைக் கொடுத்தேன்.

"தண்டர் பே பக்கம் மூண்டு சகோதரிகள், அண்ணை. மீன்பிடிப் படகில வைச்சுத்தான் பாட்டுப் பதியினமாம். குழுவின்ர பேர் 'மூன்று ஈரக் கையுறைகள்'."

அவருக்கு உறைக்கவேயில்லை. மறுநாள் நிகழ்ச்சியில் படகு வந்தது, சகோதரிகள் வந்தார்கள். அதற்கு மேலே தன்னுடையதையும் சேர்த்தார். "போன கோடைக்கு நேரில போய்ச் சந்திச்சனான். மூத்தவ எனக்கு மீன் பொரிச்சுத் தந்தவ."

நான் தொலைபேசியை எடுத்தேன்.

"வணக்கம் அண்ணை. அவையின்ர பாட்டொண்டு போடுங்கோ."

என் குரலை அடையாளம் கண்டிருக்கவேண்டும். "அது... இப்ப கைவசம் இல்லை" என்று இழுத்தார்.

"அப்ப மீன் பொரிச்சுத் தந்தவவின்ர பேரையாவது சொல்லுங்கோ."

தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"சொல்ல ஏலாது, அண்ணை. அப்பிடியொரு குழுவே இல்லை. நேற்று நான் கட்டின கதை அது."

ஸ்காபரோவில் எத்தனை சமையலறைகளில் அது கேட்டதோ! பிறகு அவசர அவசரமாக ஒரு சேலைக்கடை விளம்பரம் ஓடியது. அந்த விளம்பரப் பாட்டைப்போல் இனிமையான பாட்டை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

அடுத்த வாரம் அவருடைய நேரத்தில் சோதிடம் போனது. நிகழ்ச்சி செய்ய என்னை யாரும் கூப்பிடவில்லை. அவர் வேலையையும் விட்டுப் போய்விட்டார். ஒருநாள்கூட நான் வருந்தியதில்லை. போன ஞாயிறு பிறந்தநாள் விழாவில் அவரைப் பார்த்தபோது, அன்று இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்கலாமே என்றுதான் தோன்றியது.

அந்தத் தமிழ் வானொலி இப்போது இல்லை. பொது வானொலியில் அந்தப் பெண்ணின் பிற்பகலும் இல்லை. செய்மதியில் அந்த அலைவரிசையையும் எடுத்துவிட்டார்கள். ஜெயந்தன் அண்ணை இணையத்தில் பேசுகிறாராம். முன்கூட்டியே பதிந்து, வேண்டாததை வெட்டி, பிறகுதான் விடுகிறாராம். கூப்பிட்டுக் கேள்வி கேட்க ஒரு தொலைபேசி இலக்கம்கூடக் கிடையாது.