நடுவில் ஒரு ‘யூ’

நீராவிக்குள் நின்றபடி அக்கா ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார். காதில் இயர்போனில் ஆங்கிலப் பாடம், கையில் இஸ்திரிப் பெட்டி, கண் பாதி மூடியிருக்கிறது. விடுதியின் சலவைக்கூடத்தில் அவருக்கு எதிர் மேசை என்னுடையது. போர்வை மடிக்க மட்டும் இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து நெருங்கி வரும்போது அந்த முணுமுணுப்பு எனக்கும் கேட்கும்: “ஐ வாண்ட் டு ஸ்லீப். ஐ வாண்ட் யூ டு ஸ்லீப்.” முதலில் தூங்குவது அக்கா, அடுத்ததில் நான். கேட்டுக் கேட்டு எனக்குக் கொட்டாவியே வந்துவிடும்.

அக்காவின் தமிழில் ஆளே வரமாட்டார். “கதவு சாத்தணும்” என்பார், “டீ வாங்கணும்” என்பார். யார் என்று சொல்வதில்லை. எங்களில் யாராவது எழுந்துவிடுவோம். ஆங்கிலத்தில் அந்தப் பருப்பு வேகவில்லை.

தூர ஊரில் இருக்கும் மருமகளுக்குத் தமிழ் தெரியாது. அவள் வந்து கொஞ்ச நாள் தங்க வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. போனில் சொல்லியும் விட்டார்: “ஐ வாண்ட் டு கம் அண்ட் ஸ்டே.” மறுவாரமே மகன் கூப்பிட்டான். “அம்மா, உனக்கு ரூம் ரெடி. அவளே பெயிண்ட் அடிச்சா!”

“நான் அவளை வரச் சொன்னா, அவ எனக்குக் கட்டில் போட்டு வச்சிருக்கா!” என்று அக்கா தலையில் கைவைத்தார். தன் வீட்டை விட்டு ஒரு ராத்திரிகூட வெளியே படுக்காதவர். “உண்மையைச் சொன்னா அந்தப் பொண்ணு மொகம் வாடிரும். சொல்லலைன்னா நான் மூட்டை கட்டணும்.” நோகாமல் சொல்லத்தான் இந்தப் பாடமெல்லாம்.

நேற்று மதியம், மெஷின்கள் ஓய்ந்து கூடமே கண்ணயர்ந்த நேரம், மருமகளே கூப்பிட்டாள். அக்கா ஸ்பீக்கரில் போட்டு, மூச்சை இழுத்து, “ஐ வாண்ட் யூ...” என்று ஆரம்பித்தார்.

அவள் முந்திக்கொண்டாள். “நோ அம்மா, ஐ வாண்ட் யூ டு கம்! ப்ளீஸ்!”

அக்கா ஓகே, ஓகே என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார்.

“கேட்டியா? ‘யூ’ போட்டாடி. நடுவுல என்னை உக்கார வச்சுட்டா.”

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது; அக்கா போய்விட்டால் போர்வையின் மறுமுனையை யார் பிடிப்பார்?

அக்கா சாவிக்கொத்திலிருந்து வீட்டுச் சாவியைக் கழற்றினார். “செடிக்குத் தண்ணி ஊத்தணும்” என்று சொல்லி, அதை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடித்து மூடினார்.